பூவாளிக்கு முன் கேமரா

நேயர்களுக்கு வணக்கம்.

பஞ்சாங்கத்தின்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்கும். செடி கொடிகளைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். மாசியில் வேம்பு பழுத்த இலையை உதிர்த்துவிட்டுச் செந்தளிர் விடுகிறது. முருங்கை வெள்ளையாகப் பூத்துக் கொட்டுகிறது. கல்யாண முருங்கை இலையே இல்லாமல் சிவந்து நிற்கிறது. நம் சமவெளிக்கு வசந்தம் அப்போதே வந்தாயிற்று. மாடித்தோட்டமும் வைத்துக்கொண்டு, பூவையும் பூச்சியையும் படமெடுக்கும் ஆசையும் உள்ளவருக்கு ஆண்டிலேயே கைகொள்ளாத வேலை இருக்கும் காலம் இது. படத்துக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும் நேரமும், செடிக்கு வேலை செய்ய வேண்டிய நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுவதுதான் சிக்கல்.

மாசி முதல் தேதியில் சென்னையில் ஏறத்தாழ 6.30 மணிக்குச் சூரியன் எழும். பங்குனி பிறக்கும்போது 6.15 ஆகிவிடும். கோவை, மதுரைப் பக்கம் பத்து நிமிடம் போலப் பிந்தும். எழுந்ததிலிருந்து ஒன்றரை மணி நேரம் வெயில் சாய்வாக, மென்மையாக இருக்கும். எட்டரைக்கு மேல் நிழல் கறுத்து, பூவிதழ் பளீரென்று வெளுத்துவிடும். ஆக, மாடிக்கு ஏறியதும் முதலில் கையில் எடுக்க வேண்டியது பூவாளி அல்ல, கேமரா. நீர் ஊற்றினால் மண் தெறித்து இலையில் படும், கொடி ஆடும், தேனீ எழுந்து போய்விடும். அரை மணி நேரம் படமெடுத்துவிட்டுப் பிறகு நீர் விட்டால் செடிக்கு ஒரு நட்டமும் இல்லை.

நீர் பற்றி ஒரு சொல். மாடித்தோட்டப் பைகளில் பாதிக்குப் பாதி தேங்காய் நார்க்கழிவு இருக்கும். அதன் மேற்பரப்பு காய்ந்து பழுப்பாகத் தெரியும்போதும் உள்ளே ஈரம் நிற்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் அன்று நீர் வேண்டாம். மாசியில் செடி சாவது வறட்சியால் அல்ல, பெரும்பாலும் வேர் அழுகித்தான். பங்குனி பாதிக்கு மேல் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது காலையும் மாலையும் நீர் கேட்கும்.

வெயில் எப்படி நகர்கிறது என்பதையும் பார்த்து வையுங்கள். தெற்குப் பக்கம் 3 அடி உயரக் கைப்பிடிச் சுவர் இருந்தால், சென்னையில் மாசித் தொடக்கத்தில் உச்சிவேளையில் அதன் நிழல் தரையில் ஒன்றரை அடி விழும். மாசி முடியும்போது அது முக்கால் அடிக்குச் சற்று மேல்தான். சுவரோரம் நிழலில் சுகமாக இருந்த கீரைப் பை ஒரே மாதத்தில் வெயிலுக்கு வந்துவிடும். "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்று புலம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான். கறுப்புப் பையாக இருந்தால் வேரும் சுடும். வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும் பையே கோடைக்கு நல்லது.

இப்போது பூவுக்கு வருவோம். தை பிறந்ததும் விதைத்த பந்தல் காய்கள் மாசிக் கடைசியில் பூக்கத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. பூசணிப்பூ விடியும் முன்பே விரிந்து, பத்து மணிக்கெல்லாம் சுருங்கிவிடும். பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்கள். வெண்டைப்பூ காலையில் வெளிர்மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்போடு விரிந்து, அன்று மாலையே வாடிவிடும். பீர்க்கு இதற்கு நேர்மாறு: பொழுது சாயும்போது, ஐந்தரை ஆறுக்கு மேல்தான் மஞ்சளாக மலரும். சுரையும் மாலையில்தான். புடலை இருட்டத் தொடங்கியபின் விரியும். இதழ் விளிம்பெல்லாம் வெள்ளை நூல் பிரிந்தது போல இருக்கும். காலையில் மட்டுமே மாடிக்குப் போகிறவர் புடலைப்பூவின் முழு அழகையும் பார்த்திருக்கவே மாட்டார். வாடிச் சுருண்ட நூலைத்தான் பார்த்திருப்பார்.

இந்த நேரக் கணக்கு படமெடுப்பவருக்கு எவ்வளவு முக்கியமோ, காய் வேண்டுபவருக்கும் அவ்வளவு முக்கியம். நகரத்து மாடியில் தேனீ குறைவு. மாலையில் மலரும் பூவுக்கு அந்துப்பூச்சி வர வேண்டும். அதுவும் மூன்றாம் மாடி, நான்காம் மாடிக்கு வருமென்று சொல்ல முடியாது. பிஞ்சு கட்டைவிரல் அளவு வந்து, நுனியிலிருந்து மஞ்சளாகி அழுகி விழுந்தால் உடனே உரக்கடைக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் அது மகரந்தம் சேராததால் வருவது. கையால் சேர்த்துவிடலாம். பூவுக்குக் கீழே குட்டிக் காய் போலப் புடைப்பு இருந்தால் பெண் பூ. வெறும் காம்பாக இருந்தால் ஆண் பூ. முதல் ஒரு வாரம், பத்து நாள் ஆண் பூக்கள் மட்டுமே வரும்; பயப்பட வேண்டாம். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டின் மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் சுற்றிலும் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். பூசணிக்குக் காலை எட்டுக்குள். பீர்க்கு, சுரை, புடலைக்கு மாலையில், பூ விரிந்த பிறகு. நேரம் தப்பினால் தடவியும் பயனில்லை. இந்தச் சடங்குக்கு முன்பே படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகரந்தம் சிந்திய பூ படத்தில் அழுக்கான பூவாகத்தான் தெரியும்.

படத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் வெள்ளைப் பூ. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சமாக்கவே பார்க்கும். நந்தியாவட்டை ஒன்றே படச்சட்டம் முழுவதையும் நிறைத்தால், "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணிக்கொண்டு கேமரா படத்தை இருட்டாக்கும்; வெள்ளை சாம்பலாகிவிடும். அங்கே எக்ஸ்போஷர் என்னும் வெளிச்ச அளவை +0.7 போலக் கூட்ட வேண்டும். அதே பூ கரும்பச்சை இலைக்கூட்டத்தின் நடுவே சிறிதாக இருந்தால், கேமரா இலையைக் கணக்கில் கொண்டு படத்தை வெளிச்சமாக்கும். பூ சுண்ணாம்புத் துண்டு போல் வெளுத்து, இதழ் நரம்பு ஒன்றும் தெரியாது. அங்கே குறைக்க வேண்டும். செல்போனில் பூவின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். செம்பருத்திக்கும் குறைக்கவே வேண்டும். ஆழ்ந்த சிவப்பை செல்போன்கள் சமாளிக்காது. ஐந்து இதழும் ஒரே சிவப்புத் திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

கிட்டத்தில் எடுக்க முகத்தைச் செடிக்குள் நுழைக்க வேண்டியதில்லை. ஓரடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் உங்கள் நிழலும் விழாது, பூவும் உப்பித் தெரியாது. அதைவிடச் சிறியது வேண்டும் என்பவர்கள் க்ளிப்பில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் வாங்கலாம். அதில் பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையே இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர் மட்டும். பூச்சியின் உடல் கேமராவுக்கு இணையாக இருக்கும்படி கேமராவைப் பக்கவாட்டில் வையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறும். தனி கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸின் துளையை எஃப் 8, எஃப் 11 என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். காற்று வீசினால் ஷட்டர் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்குக்கு மேல் திறந்திருக்கக் கூடாது; ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்வு அளவு கூடினால் கூடட்டும். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம்; ஆடிய படத்தை என்ன செய்ய முடியும்?

மாடியில் பின்புலம்தான் தலைவலி. துணிக்கொடி, டிஷ் ஆன்டெனா, எதிர்வீட்டுக் குழாய் எல்லாம் படத்துக்குள் வந்து நிற்கும். இதற்குக் கறுப்புத் தண்ணீர்த்தொட்டியைப் போல உதவும் பொருள் வேறில்லை. தொட்டியின் நிழல் பக்கத்துக்கு இரண்டடி முன்னால் தொட்டிச்செடியை வைத்து எடுங்கள். ஸ்டுடியோவில் எடுத்தது போல இருக்கும். வெயில் ஏறிவிட்டதென்றால் ஒற்றை வேட்டியை இரண்டு குச்சிகளுக்கு நடுவே கட்டிப் பூவுக்கு மேலே பிடித்தால் வெளிச்சம் பரவிவிடும். நிழல் பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகை வைத்தால் வெளிச்சம் அங்கேயும் திரும்பி விழும். கடையில் விற்கும் கருவிகள் செய்வதும் இதைத்தான்.

அழகுக்காக இலையில் தண்ணீர் தெளித்து எடுப்பது பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. தெளித்தே தீர வேண்டுமென்றால் காலையில் மட்டும், ஒரு கிளையில் மட்டும். மாலையில் தெளித்தால் இரவெல்லாம் இலை நனைந்தே கிடக்கும். இலைப்புள்ளி நோய்க்கு அதுதான் வேண்டும். பூசணியிலும் வெண்டையிலும் திருநீறு பூசியது போல வரும் சாம்பல் நோய் வேறு வகை. இரவுக் குளிரும் பகல் காய்ச்சலும் சேரும் இந்தப் பருவமே அதற்குப் போதும். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் வெண்டைக்குத் தெளிக்கலாம். பூசணிக் குடும்பத்துக்குக் கந்தகம் ஆகாது, இலை கருகும். அங்கே நோய் கண்ட அடி இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, காற்றோட்டம் விடுவதே முதல் வேலை.

படத்தின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. "இலை மஞ்சளாகிறது" என்று ஒரு படத்தை வேளாண் அலுவலருக்கு அனுப்பினால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று படம் வேண்டும்: முழுச் செடி ஒன்று, இலையின் மேற்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. பக்கத்தில் ஒரு நாணயமும், ஒரு வெள்ளைக் காகிதமும் இருக்கட்டும். நாணயம் அளவு சொல்லும். காகிதம் நிறம் சொல்லும். மாலை வெயிலில் எல்லா இலையும் மஞ்சளாகத்தான் தெரியும். அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுதும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. நுனித் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து. இரண்டுக்கும் மருந்து வேறு.

ரோஜா இதழின் ஓரம் பழுப்பாகக் காய்ந்து மொட்டு கோணலாக விரிந்தால், அந்தப் பூவை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். எள்ளில் பாதி அளவுக்கு நீளவாக்கில் ஏதோ நகர்ந்தால் அது இலைப்பேன். வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, அதோடு கரைய ஒரு சிட்டிகை காதி சோப்பு. மாலை ஐந்துக்கு மேல்தான் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். காலையில் தெளித்தால் தேனீமேல் படும்.

தெளிக்கும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. அவரையில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை போல ஊரும் கறுப்புப் புழு, பொறிவண்டின் பிள்ளை. அசுவினியைத் தின்னவே வந்திருக்கிறது; பலரும் அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவைப் பக்கம் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியபோது, அதை அடக்கியது மருந்து அல்ல. 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட, அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவிதான். உங்கள் படத்தில் மாவுப்பூச்சிகள் சில உப்பிப் பழுப்பேறி அசையாமல் இருந்தால், குளவி வந்துவிட்டது. அந்தக் கிளையில் கை வைக்காதீர்கள்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழு இன்னொரு வழக்கு. வளர்ந்ததும் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு நீட்டி நாற்றம் அடிக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சிறு செடி என்றால் இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும். சமையலுக்கு ஒரு செடி, புழுவுக்கு ஒரு செடி என்று பிரித்து வைப்பவர்கள் உண்டு. அதுவே நல்ல சமரசம். கூட்டுப்புழு நிறம் மங்கி உள்ளே இறக்கை தெரியத் தொடங்கினால், மறுநாள் விடிகாலை கேமராவோடு தயாராக இருங்கள்.

பந்தல் ஓரத்திலோ துணிக்கொடியிலோ ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கூடு கட்டினால் மட்டும் கேமராவைத் தள்ளி வையுங்கள். சிலந்திநூலும் நாரும் சேர்த்துத் தொங்கவிட்ட பை அது. மறைக்கும் இலையைப் படத்துக்காக வெட்டினால் வெயிலும் காக்கையும் கூட்டுக்குள் வந்துவிடும். ஃபிளாஷ் கூடவே கூடாது.

மல்லிகைத் தொட்டி வைத்திருப்பவர்கள் வயல்காரர்களைப் போல நவம்பர் கடைசியில் கவாத்து செய்திருந்தால் இப்போது மொட்டு வைத்திருக்கும். செய்யாதவர்கள் மாசி முதல் வாரத்திலாவது பாதி உயரத்துக்கு வெட்டி, காய்ந்த குச்சியை நீக்கி, இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இடுங்கள். தெருவில் வேம்பும் புங்கையும் உதிர்க்கும் இலையைக் குப்பை வண்டிக்குக் கொடுக்காமல் அள்ளிவந்து பைகளில் இரண்டு அங்குல மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் இடம் விட்டுப் போட வேண்டும். ஒட்டினால் தண்டு அழுகும்.

இன்று வீட்டில் புடலைப் பந்தல் இருப்பவர்கள் ஏழு மணிக்கு ஒரு டார்ச்சோடு மேலே போங்கள். டார்ச்சைப் பூவுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், சற்றுப் பின்னாலிருந்து பிடித்தால் ஒவ்வொரு நூலும் தனித்தனியாக ஒளிரும். செல்போனைப் பந்தல் கம்பத்தில் சாய்த்து வைத்து, மூன்று நொடி டைமரில் எடுங்கள். எடுத்து முடித்ததும், பக்கத்திலேயே பெண் பூ விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே ஓர் ஆண் பூவைக் கிள்ளிக்கொள்ளலாம்.

வணக்கம்.