கஷாயம் இருக்கட்டும், சாப்பிட்டாயா?

(சென்னைக் கல்லூரி ஒன்றில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, வணக்கம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது உங்களில் பலர் பள்ளிச் சீருடையில் இருந்தீர்கள். கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றியது நினைவிருக்கும். எங்கள் தெருமுனையில் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். சொம்போடு வரிசையில் நானும் நின்றேன்.

அன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2021 மே மாதம், இரண்டாவது அலையில், ஆக்சிஜன் படுக்கை எங்கே காலியாக இருக்கிறது என்று ராத்திரி இரண்டு மணிக்கும் போன் போட்டுத் தேடிக் கொடுத்தது அவர்கள்தான். கிருமியைப் பற்றி அத்தனையும் தெரிந்திருந்தது. தங்கள் தட்டைத்தான் அவர்கள் பார்க்கவில்லை.

அந்த மாதம் என் மாணவி ஒருத்திக்குத் தொற்று. வீட்டுத் தனிமையில் இருந்தாள். "என்னம்மா சாப்பிட்ட?" என்று போனில் கேட்டேன். "மூணு வேளையும் கஷாயம் குடிக்கிறேன் மிஸ். இஞ்சி, மஞ்சள், மிளகு எல்லாம் போட்டு." சரி, சாப்பாடு? கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ரெண்டு ரஸ்க்." நான்கு நாளாக அதுதான். பிறகு ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் எட்டுதான். கொரோனாவுக்கு வெகுநாள் முன்பே அவளுக்கு ரத்தசோகை இருந்திருக்கிறது. தினமும் வகுப்பில் அவள் முகத்தைப் பார்த்த எனக்கே தெரியவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அவள் ஒருத்தி மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

கிருமியைப் பிடிக்க உடம்பு செய்கிற எதிர்ப்பொருள் இருக்கிறதே, அது புரதம். காலையில் வெறும் வயிற்றோடு தாம்பரத்தில் ரயிலேறி, பதினோரு மணிக்கு டீயும் பப்ஸும் சாப்பிடுகிற உடம்பு அதை எதை வைத்துச் செய்யும்? 55 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 45 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். மீதி பருப்பு, சுண்டல், தயிர், மீன் என்று சேர வேண்டும். கேன்டீனில் விற்கிற புரத பவுடரைத் தேடி ஓட வேண்டாம். மெரினாவில் விற்கிற சுண்டலே நல்ல புரதம்தான்.

ரத்தசோகை வராமலிருக்க இரும்புச் சத்தும் வேண்டும். முருங்கைக்கீரை சாப்பிட்டால் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் பொறுங்கள்.

எந்தச் சாப்பாடும் தொற்றே வராமல் தடுத்துவிடாது. தடுப்பூசிக்கு அது மாற்றும் இல்லை. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள்.

மதியம் இந்தக் கூட்டம் முடிந்ததும், உங்கள் பையில் அம்மா கட்டிக் கொடுத்த டப்பா இருக்கிறதே, அதைத் திறந்து வையுங்கள். நானும் என் டப்பாவோடு கீழே வருகிறேன். சேர்ந்து சாப்பிடுவோம்.