உளவுப் பணி எதற்காக?

(குன்னூரில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவையோர்க்கு வணக்கம். வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியை அன்றாடம் கடந்து செல்லும் உங்களுக்கு இராணுவம் புதிதன்று. ஆனால் அரசுக்கு முன்னறிவு தர வேண்டிய உளவுத்துறையைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் திரைப்படங்கள் சொல்லிக்கொடுத்ததே.

ஒற்றர் இரகசியத்தைக் கொண்டுவந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். அங்கேதான் அது தொடங்குகிறது. பந்தலூர்ப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய ஓர் எஸ்டேட் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இரவில் முன்பின் அறியாத நால்வர் வந்து அரிசி கேட்டதாகத் தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சொன்னவர் நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, யார்மீதேனும் பகை வைத்துச் சொல்கிறாரா, வனத்துறையிடமும் அண்டை மாநிலக் காவல்துறையிடமும் உள்ள குறிப்புகளோடு அது ஒத்துப்போகிறதா என்றெல்லாம் ஆராய்ந்து, இனி என்ன நடக்கக்கூடும் என்பதை, முடிவெடுக்க வேண்டியவரிடம் காலம் தாழ்த்தாமல் சொல்லும்போதுதான் அந்தத் தகவலுக்குப் பயன் உண்டாகிறது.

இந்த ஆராய்ச்சி தவறினால் எத்தனை ஒற்றர் இருந்தும் பயனில்லை. 1973 அக்டோபர் 6 அன்று எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. சூயஸ் கால்வாய்க் கரையில் எகிப்தியப் படை குவிவதை இஸ்ரேலின் இராணுவ உளவுத்துறை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆயினும், இஸ்ரேலின் உட்பகுதி வரை வந்து தாக்கவல்ல விமானங்கள் கிடைக்காமல் எகிப்து போரில் இறங்காது என்று முன்னரே தீர்மானித்திருந்ததால், கண்ணெதிரே நடந்த படைக்குவிப்பைப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டது. பின்னர் விசாரித்த அக்ரனாட் ஆணையம் இந்தப் பிடிவாதமான முன்முடிவைத்தான் சுட்டிக்காட்டியது. ஆள்வோர் எதைக் கேட்க விரும்புகிறார்களோ அதையே எழுதித் தரும் அதிகாரியும் இதே கேட்டைத்தான் செய்கிறார். அவருக்குப் பதவி உயர்வு கிடைப்பது வேறு கதை.

நம் நாட்டில் 1887-இல் வேர்விட்ட உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யும், 1968-இல் தோன்றிய வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் நிறுவப்பட்டவை அல்ல. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார்கள் நீங்கலாக, இவ்விரண்டுக்கும் விலக்கு அளித்திருக்கிறது. லயத்தில் செய்தி சொன்னவரின் பெயர் வெளியே வந்தால் அவர் உயிருக்கே ஆபத்து என்பதால், ஓரளவு மறைவு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உளவு அமைப்புகளைச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்த பிரிட்டன், 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட ஒரு குழு அவற்றின் செலவையும் நிர்வாகத்தையும் கொள்கையையும் ஆராய வழிசெய்தது. செய்தி தந்தவரின் பெயரைக் கேளாமலே அத்தகைய குழுவொன்று மூடிய அறையில் நம் அமைப்புகளையும் கேள்வி கேட்க முடியும்.