எத்தனை பேர், தம்பி?

(விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது, மிஷனெரி ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது)

சபையாருக்கும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயர் அவர்களுக்கும் என் தோத்திரம். பணித்தள அறிக்கை வாசிக்கச் சொல்லித்தான் என்னை அழைத்தீர்கள். அறிக்கை அச்சாகி வாசல் மேசையில் இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றிப் பேசுகிறேன். அன்றைக்கு என்னோடு இருந்த சிலர் இங்கேயே உட்கார்ந்திருப்பதால் கூட்டிச் சொல்லவும் வழியில்லை.

போன ஜனவரியில் நம் பக்கத்திலிருந்து 22 பேர் கல்கத்தாவின் ஹவுரா ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். இரண்டு இரவு ரயில் பயணம். மூட்டை மூட்டையாகக் கருப்பட்டி, முறுக்கு, மிளகாய்த்தூள், வடகம். ஒரு பெரியம்மா அம்மிக்கல்லை மட்டும்தான் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை பேர், தம்பி?" என்றார். தலையெண்ணிக்கை கேட்கிறார் என்று நினைத்து, "இருபத்திரண்டு பேரும் இறங்கிவிட்டீர்கள் பெரியம்மா" என்றேன். "அது இல்லை. உன் ஊழியத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் எத்தனை பேர்?"

ஒன்பது ஆண்டுகளாக மால்டா பக்கம் சந்தால் பழங்குடியினரின் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. "முதலில் காபி குடிப்போம்" என்று சொல்லி நழுவிவிட்டேன். அங்கே காபியும் கிடைக்கவில்லை. மண் குவளையில் தேநீர்தான்.

கிராமத்துக்குப் போகும் ரயில் இரவில்தான். பகல் முழுவதும் கையில் இருந்தது. சிலர் விக்டோரியா நினைவு மண்டபம் என்றார்கள், சிலர் பருத்திச் சேலைக் கடை என்றார்கள். நான் அடம்பிடித்து எல்லாரையும் லோக்கல் ரயிலில் ஏற்றி ஸ்ரீராம்பூருக்கு அழைத்துப் போனேன். லோக்கல் ரயில் நின்ற சுருக்கில் கிளம்பிவிடும் என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். ஆனாலும் ஒரு தாத்தா செருப்பைத் தேடிக்கொண்டிருந்து, இறங்காமல் அடுத்த நிலையமான ஷெவ்ராபுலிக்குப் போய்விட்டார். அவரை மீட்டு வர முக்கால் மணி நேரம். போய்ப் பார்த்தால், வங்காளத்தில் ஒரு சொல் தெரியாத மனிதர், நான்கு பேர் நடுவில் பெஞ்சில் அமர்ந்து பொரி தின்றுகொண்டிருக்கிறார். என்னைக் கண்டு அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததாகச் சொல்ல முடியாது.

ஸ்ரீராம்பூர் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. தரங்கம்பாடியில் பறந்த அதே டென்மார்க் கொடிதான் அங்கேயும் பறந்தது. 1845இல் இரண்டு ஊர்களையும் ஒன்றாகத்தான் ஆங்கிலேயரிடம் விற்றார்கள். கம்பெனி ஆட்சி மிஷனெரிகளை விரும்பாத காலத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரி வில்லியம் கேரி 1800இல் அங்கே ஒதுங்கியதும் அந்தக் கொடியை நம்பித்தான். 1806இல் கட்டி முடித்த தூய ஓலாவ் ஆலயத்தைப் பார்த்தோம். முகப்பில் டென்மார்க் அரசர் ஏழாம் கிறிஸ்டியானின் முத்திரை எழுத்துகள் இருக்கின்றன. 1818இல் தொடங்கிய கல்லூரியில் நிறையப் படம் எடுத்தார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை.

கேரியும் மற்ற மிஷனெரிகளும் அங்கே நடத்திய அச்சகத்தின் கதையைச் சொல்லும்போதுதான் ஒருவர் அசையாமல் நின்றார். பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டு அச்சுக்கோக்கும் கம்போசிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சானன் கர்மகார் என்ற கொல்லர்தான் அங்கே அச்செழுத்து வெட்டினார், அவருக்குப் பின் அவர் மருமகன் மனோகர் வெட்டினார் என்றேன். 1812 மார்ச் 11 அன்று இரவு அச்சகம் தீப்பிடித்து, காகிதமும் எழுத்துகளும் கேரி பல மொழிகளுக்காகத் தொகுத்துவந்த அகராதியின் கையெழுத்துப் படியும் போயின. கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார் என்றேன். கம்போசிட்டர் தன் வலது கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே, "ஈயத்தைத் திரும்ப உருக்கலாம். வார்க்க ஆள் இருந்தால் எழுத்து வந்துவிடும். அகராதித் தாளை யார் வார்ப்பது?" என்றார். உண்மையில் நடந்ததும் அதுதான். சாம்பலில் உருகிக் கிடந்த உலோகத்தை எடுத்து, தப்பிய அச்சுகளைக் கொண்டு மறுபடி எழுத்து வார்த்தார்கள். இத்தனை ஆண்டுகள் அந்தக் கதையைச் சொல்லியும், அந்தத் தாளின் இழப்பு எனக்கு அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

மத்தியானம் பூரி போன்ற லூச்சியும் உருளைக்கிழங்குக் கறியும். கடுகெண்ணெய் வாசனைக்குப் பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு மூட்டையிலிருந்து ஊறுகாய் வெளியே வந்தது. கடைக்காரரும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டார்.

வெயில் தாழ்ந்ததும் ஹூக்ளி ஆற்றுப் படித்துறைக்குப் போனோம். எதிர்க்கரை பாரக்பூர். படியில் உட்கார்ந்ததும் பெரியம்மா மறுபடியும், "தம்பி, நீ இன்னும் சொல்லவில்லையே" என்றார். நான் கேரியின் கணக்கைச் சொன்னேன். அவர் வங்காளத்தில் இறங்கியது 1793 நவம்பர். முதல் வங்காளி ஞானஸ்நானம் எடுத்தது 1800 டிசம்பர் 28. ஏழு ஆண்டுக்கு ஒரே ஒருவர். கிருஷ்ண பால் என்ற தச்சர். விழுந்து தோள் மூட்டு பிசகி, வைத்தியம் தெரிந்த தாமஸ் என்ற மிஷனெரி அதைச் சரிசெய்ததில் தொடங்கிய பழக்கம். ஞானஸ்நானத்துக்கு ஆறு நாள் முன்பு மிஷனெரிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். செய்தி பரவி, கூட்டம் திரண்டு அவரை நீதிபதியிடம் இழுத்துப் போனது. நீதிபதி விட்டுவிட்டார்.

அந்த ஞானஸ்நானம் நடந்த ஞாயிற்றுக்கிழமையை நம் பிரசங்கங்களில் பாதிதான் சொல்கிறோம். கேரி ஞானஸ்நானம் கொடுக்க ஆற்றில் இறங்கியபோது, அந்தத் தாமஸ் புத்தி பேதலித்து ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்தார். இன்னோர் அறையில் கேரியின் மனைவி டாரதி. ஐந்து வயது மகனை 1794இல் பறிகொடுத்த பின் அவர் மனநிலை தேறவே இல்லை. அந்தத் தாய் இந்த ஊழியத்துக்குக் கொடுத்ததை எந்த அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

என் மனைவி கீழ்ப்படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் பேசவில்லை. நான்தான் சங்கடத்தில் ஏதோ சொல்ல வேண்டும் என்று எங்கள் இரவுப் பள்ளிக்கு வரும் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவான். தினமும் எங்கள் அடுப்புக்கு ஒரு கைப்பிடி சுள்ளி கொண்டுவந்து வாசலில் வைப்பான், கேட்டால் சிரிப்பான். நான் சந்தாலி மொழியில் தப்பாகப் பேசினால் திருத்துவதும் அவன்தான். இவ்வளவுதான் சொன்னேன்.

ஹவுராவுக்குத் திரும்பும் ரயிலில் கூட்டம் நெருக்கியது. இந்த முறை தாத்தாவின் செருப்பை நானே பையில் வைத்துக்கொண்டேன். லிலுவா தாண்டியிருக்கும். பெரியம்மா வேதாகமத்தைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பையன் பேர் என்ன, தம்பி?"

சொன்னேன். ரயில் ஆட்டத்தில் எழுத்துக்கூட்டி எழுதினார். ஓர் எழுத்து பிழை. நான் திருத்தவில்லை.