கிஃப்ட் கார்டு மொய் கவர் மாதிரி இருக்கா? அண்ணனுக்குன்னே மாத்தலாம்

சரி, அடுத்த கேள்வி தண்டையார்பேட்டைல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அண்ணனுக்கு பொறந்தநாள் வருதாம், அவருக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன்னா உசுராம், இன்னா புக்கு வாங்குறதுன்னு தெரியாம ஆயிரம் ரூபாக்கு புக் கிஃப்ட் கார்டு ஒண்ணு வாங்கிட்டாங்க, இப்ப பாத்தா மொய் கவர் குடுக்கிற மாதிரி இருக்கு, இத எப்படிண்ணா நான் குடுத்ததா ஆக்குறதுன்னு கேக்குறாங்க.

கார்டு வாங்குனது நல்லதுதாம்மா. இப்படி படிக்கிறவங்களுக்கு நாம வாங்குற புக்கு பாதி நேரம் வீட்லயே இருக்கும். ஆனா மேல ராக்கெட் ஸ்டிக்கர், ஏலியன் ஸ்டிக்கர்லாம் ஒட்டாதீங்க, அது யாருக்கு வேணா ஒட்டலாம். அவருக்கு எது புடிக்கும்னு பாருங்க, ரோபோவா, டைம் டிராவலா, விண்வெளியா, அவரு அலமாரிய ஒரு தபா பாத்தாலே தெரிஞ்சிரும்.

விண்வெளின்னா ஒண்ணு சொல்றேன், இத சொல்லணும்னுதான் இந்தக் கேள்விய எடுத்ததே. 1977ல நாசா வாயேஜர் 1, வாயேஜர் 2ன்னு ரெண்டு விண்கலம் அனுப்புனாங்கல்ல, ரெண்டுலயும் தங்க முலாம் பூசுன ஒரு செம்புத் தட்டு இருக்கு, கிராமபோன் ரெக்கார்டு, என்னிக்காவது அங்க யாராச்சும் எடுத்துக் கேட்டா நாம யாருன்னு தெரியட்டும்னு வச்சது. 55 மொழில வணக்கம் சொல்லிருக்காங்க, தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, சிங்களம் இருக்கு, தமிழ் இல்ல. எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல. அந்த தமிழ் வணக்கத்த நீங்க எழுதுங்க, உங்க அண்ணன பத்தி தெரியாத ஒருத்தருக்கு அவர அறிமுகப்படுத்துற மாதிரி நாலே வரி, வீட்ல பேசுற தமிழ்லயே.

அப்பால கவரு. பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு போனீங்கன்னா கல்யாணப் பத்திரிகைக்கு போடுற தங்கக் கலர் அட்டை கிடைக்கும், ஒரு ஷீட்டு போதும், வட்டமா வெட்டி கவரு மேல ஒட்டிக்கோங்க. அந்த வாயேஜர் தட்டோட மூடில ஒரு படம் இருக்கு, நடுவுல இருந்து கோடு கோடா போகும், நம்ம சூரியன் எங்க இருக்குன்னு 14 பல்சர் நட்சத்திரத்த வச்சு வழி சொல்றது. நீங்க நடுவுல உங்க வீட்ட வைங்க. அங்கிருந்து அவரு படிச்ச ஸ்கூலுக்கு ஒரு கோடு, காசிமேட்டுக்கு ஒண்ணு, மின்ட் மணிக்கூண்டுக்கு ஒண்ணு, அகஸ்தியா தியேட்டருக்கும் போடுங்க, இப்ப அது இல்லன்னாலும் போடுங்க, அவரு மொத மொத படம் பாத்தது அங்கயா கூட இருக்கலாம். நெசத்துல கோட்டு மேல பைனரில, அதாவது ரெண்டே குறிய வச்சு, நம்பர் இருக்கும், நீங்களும் எந்த வயசுல அந்த இடத்துக்கு மொதல்ல போனாருன்னு பைனரில எழுதுங்க, 5 வயசுன்னா 101, 8 வயசுன்னா 1000. எந்த இடம்னு பேரு எழுதவே எழுதாதீங்க. உக்காந்து கண்டுபிடிப்பாரு பாருங்க, கார்ட தேட மாட்டாரு கொஞ்ச நேரம்.

கார்ட உள்ள வைக்கும்போது சுரண்டுற இடத்துல பசை படக்கூடாது. மெயில்ல வந்த கார்டு கோட் நம்பர்னா கையால எழுதாம பிரிண்ட் எடுத்துருங்க, ஓவும் சைபரும் மாறிடும்.

ரோபோ புடிக்கும்னா சுஜாதாவோட ஜீனோ இருக்கே, அந்த ரோபோ நாய் அவருகிட்ட பேசுற மாதிரி ஒரு சின்ன லெட்டரு போதும்.

டைம் டிராவல்னா இன்னும் ஈசி, கார்டு எக்ஸ்பைரி ஆகுற தேதி இருக்கும்ல, அந்தத் தேதிய போட்டு எதிர்காலத்துல இருந்து நீங்க அவருக்கு எழுதுற மாதிரி எழுதுங்க, "அண்ணா, நீ அந்த புக்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்ச, அம்மா திட்டுச்சு"ன்னு. புக்கு பேர மட்டும் சொல்லிடாதீங்க, அத அவரே எடுக்கட்டும்.