ஆளில்லாத கப்பல்ல ஏணி இறக்குறது யாரு?

வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் பேசப்போறேன். நடுக்கடல்ல ஒரு படகு முழுகிட்டு இருக்கு. பக்கத்துல ஒரு கப்பல் போகுது, ஆனா அதுல மனுஷங்களே இல்ல. அப்போ தண்ணியில தத்தளிக்கிறவங்களுக்கு யாரு ஏணி இறக்குவாங்க?

நான் சில வருஷம் சரக்குக் கப்பல்ல செகண்ட் ஆபீசரா இருந்தேன். ராத்திரி 12-லருந்து 4 மணி வரைக்கும் பிரிட்ஜ்ல, அதாவது கப்பலை ஓட்டுற அறையில, காவல் டியூட்டி. சில நேரம் ரேடார் திரையில ஒண்ணுமே இருக்காது. வெளிய வந்து நின்னு பாத்தா, தூரத்துல பொட்டு வெளிச்சம் ஒண்ணு ஆடிக்கிட்டு இருக்கும். மரப்படகு, ஃபைபர் படகு எல்லாம் ரேடார்ல சரியா விழாது. கடல்ல மோதலைத் தடுக்க 1972-ல போட்ட விதிகள்ல அஞ்சாவது விதி, கண்ணாலயும் காதாலயும் எந்நேரமும் கவனிச்சுக்கிட்டே இருக்கணும்னு சொல்லுது. கேமராவும் மைக்கும் அந்தக் கண்ணுக்கும் காதுக்கும் ஈடாகுமான்னுதான் இப்ப உலகம் பூரா வாதம் நடக்குது.

இது ஏதோ வருங்காலக் கதைன்னு நினைச்சிராதீங்க. நார்வேயில யாரா பிர்க்லாண்ட்னு 80 மீட்டர் நீளத்துல ஒரு கண்டெய்னர் கப்பல் இருக்கு. முழுக்க பேட்டரியில ஓடுது, 120 பெட்டி ஏத்தலாம். 2022-லருந்து உரத்தை ஏத்திக்கிட்டு பிரெவிக் துறைமுகத்துக்குப் போய்வருது. ஆள் இல்லாம ஓட்டணும்னுதான் கட்டினாங்க, ஆனா மாலுமிகளோடதான் ஓட ஆரம்பிச்சுது. நார்வே நாட்டுக் கடல் எல்லைக்குள்ளேயே ஓடுறதால அந்த நாட்டுச் சட்டமே அனுமதி கொடுத்துரலாம். நாடு விட்டு நாடு போறப்பதான் சிக்கல். 1982-ல வந்த ஐ.நா. கடல் சட்டத்தோட 94-வது பிரிவு, ஒவ்வொரு கப்பலும் தகுதியுள்ள கேப்டன், ஆபீசர்கள் பொறுப்புல இருக்கணும்னு சொல்லுது. அந்த கேப்டன் கப்பல்லதான் இருக்கணுமா, கரையில ஒரு ரூம்ல உக்காந்து ஓட்டலாமா? சட்டம் எழுதினப்போ இப்படி ஒரு கேள்வி வரும்னு யாரும் நினைக்கல. எந்த வகைக் கப்பலா இருந்தாலும் பொறுப்பேத்துக்க ஒரு மனுஷ கேப்டன் வேணும்ங்கிற நிலைப்பாட்டுக்கு கப்பல் போக்குவரத்துக்கு விதி போடுற ஐ.நா. அமைப்பான சர்வதேசக் கடல்சார் அமைப்பு, நம்ம ஐ.எம்.ஓ., வந்திருக்கு. அது ரொம்ப சரின்னு நினைக்கிறேன்.

என் மனசை அரிக்கிறது அதே ஐ.நா. கடல் சட்டத்தோட 98-வது பிரிவுதான். ஆபத்துல இருக்கிறவங்களைக் காப்பாத்துறது கேப்டனோட கடமை. தன் கப்பலுக்கோ, மாலுமிகளுக்கோ, பயணிகளுக்கோ பெரிய ஆபத்து வரும்னாதான் விலக்கு. ஆளில்லாத கப்பல்ல காப்பாத்திக்க மாலுமியே கிடையாது, அப்போ உதவி பண்ண இன்னும் கூடுதல் கடமைன்னு ஒருத்தர் வாதாடலாம். ஆனா அதே பிரிவுல, கேப்டன்கிட்ட நியாயமா எதிர்பார்க்கக்கூடிய அளவுக்குன்னும் ஒரு வரி இருக்கு. ஏணி இறக்கக் கை இல்லாத கப்பல்கிட்ட என்னத்தை எதிர்பார்க்கிறதுன்னு கப்பல் முதலாளி கேட்டா, அந்த ஓட்டையில மொத்தக் கடமையும் ஒழுகிப் போயிரும்.

2001 ஆகஸ்ட்ல டம்பான்னு ஒரு கண்டெய்னர் கப்பல், அதுவும் நார்வே கொடிதான், ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவுக்குப் பக்கம் போய்க்கிட்டு இருந்துச்சு. ஒரு மரப்படகு எஞ்சின் நின்னு தத்தளிக்குதுன்னு தகவல் வந்து, கேப்டன் ஆர்னே ரின்னான் கப்பலைத் திருப்பினார். படகுல 438 பேர். முக்கால்வாசிப் பேர் ஆப்கான் அகதிகள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உண்டு. கப்பல்ல இருந்த மாலுமிகள் 27 பேர்தான், 50 பேருக்கு மேல ஏத்த அனுமதியும் கிடையாது. இருந்தாலும் ஒவ்வொருத்தரா மேல ஏத்தினாங்க. அப்புறம் ஆஸ்திரேலியா தன் கடல் எல்லைக்குள்ள வராதேன்னு மறிச்சு, தன் ராணுவ வீரர்களை அந்தக் கப்பல்லயே ஏத்துச்சு. அவ்வளவு நெருக்கடியிலயும் அந்த 438 உயிரும் கப்பல்ல பத்திரமா இருந்துச்சு. அதே இடத்துல ஆளில்லாத கப்பல் போயிருந்தா? கேமரா பாத்திருக்கும், கரைக்குத் தகவலும் போயிருக்கும். ஆனா குழந்தையைத் தூக்கி மேல வாங்க யாரு இருந்திருப்பா?

ஐ.எம்.ஓ. இதுக்குன்னே புது விதித்தொகுப்பு எழுதுது. முதல்ல விருப்பம்னா பின்பற்றலாம்ங்கிற வடிவம், 2032 ஜனவரி 1-லருந்து கட்டாயமாக்கணும்ங்கிறது இலக்கு. உதவி கேட்டு வர்ற தகவலைக் கேட்டு மேல அனுப்புற ஏற்பாடு மட்டும் போதாதுன்னு நான் உறுதியா நம்புறேன். தானா விரியுற மிதவைப்படகு, பக்கவாட்டுல தானா இறங்குற வலை, ஏணி, இதெல்லாம் இல்லாத கப்பலுக்குச் சான்றிதழே கொடுக்கக் கூடாது.

கப்பல்ல வேலை பாக்குறவங்க, மீன்பிடிக்கப் போறவங்க, ராத்திரியில பெரிய கப்பல் பக்கத்துல வந்தப்போ என்ன நடந்துச்சுன்னு கீழ எழுதுங்க. ஒவ்வொண்ணையும் படிக்கிறேன்.