யுக்கெஜாங்: ஒரு காரச் சூப்பின் கதை

நேயர்களுக்கு வணக்கம். கொரியர்களின் காரச் சூப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது யுக்கெஜாங். மாட்டிறைச்சி, வெங்காயத்தாள், மிளகாய்ப்பொடி எல்லாம் சேர்ந்து கொதித்துச் சிவந்த சூப். சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடலாம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். கோழியில் வைத்தால் அதற்குத் தக்கெஜாங் என்று பெயர். கொரியர்களே வைப்பதுதான்.

உச்சி வெயில் காலத்தில் வியர்க்க வியர்க்க இதைக் குடிப்பார்கள். ஆனால் இந்தச் சூப் என் மனத்தில் நிற்பது துக்க வீட்டில்தான்.

கொரியாவில் பெரும்பாலும் மருத்துவமனையை ஒட்டிய மண்டபத்தில்தான் மூன்று நாள் துக்கம் காக்கிறார்கள். நம் ஊரில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். உறவினர்கள் சமைத்துக் கொண்டுவருவார்கள். அங்கே துக்க வீட்டார்தான் வந்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். சியோலில் என்னோடு வேலை பார்த்த ஒருவரின் தந்தை இறந்தபோது போயிருந்தேன். படத்தின் முன் வணங்கிவிட்டு நைசாக வெளியேறப் பார்த்தேன். ஒரு மூதாட்டி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டார். முன்னால் யுக்கெஜாங், சோறு, கிம்ச்சி என்கிற காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய். சற்று நேரத்தில் நண்பரே வந்து எதிரே உட்கார்ந்தார். கண்கள் வீங்கியிருந்தன. "இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லட்டுமா?" என்று என்னைக் கேட்கிறார்! ஆறுதல் சொல்லப் போனவன் நான்.

சிவப்பு நிறம் தீயவற்றை விரட்டும், அதனால்தான் இந்தச் சூப் என்பார்கள். எனக்கு வேறு காரணம் படுகிறது. பெரிய அண்டாவில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் மறுபடி மறுபடி சூடாக்கிக் கொடுக்கலாம். கொதிக்கக் கொதிக்கச் சுவை கூடுமே தவிரக் குறையாது.

சரி, அடுப்புக்கு வருவோம். அரைக் கிலோ நெஞ்சுப் பகுதி இறைச்சியைக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, இரத்தம் போக அலசுங்கள். மூன்று லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் மெதுவாக வேகட்டும். ஆறியதும் கத்தி வேண்டாம். கையால் நார்நாராகக் கிழியுங்கள்.

இப்போது வெங்காயத்தாள். அலங்காரத்துக்கு மேலே தூவுகிற பொருள் என்று இதை யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் தீராத கோபம். இந்தச் சூப்பில் அது காய்கறி. தென் கொரியாவின் தேகு நகரத்தார் கட்டுக்கட்டாகப் போடுவார்கள். விரல் நீளத்துக்கு வெட்டி, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள், வழவழப்பு போய்விடும். பிறகு சூப்பில் அரை மணி நேரம் வெந்தால் அதன் காரம் இனிப்பாக மாறும். காரத்தைத் தாங்குவது அந்த இனிப்புதான். மறந்துவிடாதீர்கள், கட்டுக்கட்டாக!

மிளகாய்ப்பொடி நான்கு மேசைக்கரண்டி. பயப்பட வேண்டாம், கொரிய மிளகாய்ப்பொடிக்கு நிறம் அதிகம், காரம் குறைவு. கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாயை விதை நீக்கிக் கொரகொரப்பாக அரைக்கலாம். சிறு தீயில் எண்ணெயும் பூண்டும் சேர்த்து அந்தப் பொடியைப் புரட்டுங்கள். எண்ணெய் சிவந்ததும் இறக்கிவிட வேண்டும், கருகினால் கசக்கும். சூப்பின் சிவப்பெல்லாம் இந்த எண்ணெயிலிருந்துதான் வருகிறது. கிழித்த இறைச்சியையும் வெங்காயத்தாளையும் இதில் பிசறி, சோயா சாஸ் விட்டு, இறைச்சி வெந்த சாற்றை வடித்து அதில் சேருங்கள்.

நேரம் முடியப்போகிறது, இதில் போடும் கோசாரி பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அது ஒரு பெரணிச் செடியின் குருத்து, காயவைத்து விற்பார்கள். இரவு முழுவதும் ஊறவைத்து, வேகவைத்து, அந்த நீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள். பச்சையாக அது நஞ்சு. இல்லையென்றால் சிப்பிக் காளான் போதும். முளைகட்டிய பயறு, கடைசியில் அடித்த முட்டை, ஊற்றியதும் கிளறாதீர்கள். உப்பு இறக்கும்போது. வணக்கம்.