ஈஸ்டர் மலர்: லில்லியும் சம்பங்கியும் காப்பிப் பூவும்

(தவக்காலத்தில் சேலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருட்பணியாளர்களே, அருட்சகோதரிகளே, பீட அலங்காரப் பொறுப்பை ஏற்றிருக்கும் சகோதர சகோதரிகளே, பிற சமயங்களிலிருந்து அன்போடு வந்திருக்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஈஸ்டர் மலர்களின் மரபைப் பற்றியும் அவற்றின் பொருளைப் பற்றியும் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். அதைப் பூவே இல்லாத பீடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நம் நெற்றியில் இடப்படும் சாம்பல், முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்து எடுத்தது. அன்று தொடங்கித் தவக்காலம் முடியும்வரை பீடத்தைப் பூக்களால் அலங்கரிக்கக் கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் எழுதப்பட்ட விதி. திருப்பலி நூலின் பொது முறைமைகளில் 305-ஆம் எண்ணில் அது இருக்கிறது. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும், மார்ச் 19-இல் வரும் புனித சூசையப்பர் விழா, மார்ச் 25-இல் வரும் மங்கள வார்த்தைத் திருநாள் போன்ற பெருவிழாக்களும் விழாக்களும் மட்டுமே அதற்கு விலக்கு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் பலவற்றிலும் லெந்து நாட்களில், அதாவது தவக்காலத்தில், அலங்காரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இந்த விதி பிற நாட்டாரைவிடத் தமிழருக்கே அதிகமாக உறைக்கும் என்று நினைக்கிறேன். பூ இல்லாத விசேஷம் நமக்குக் கிடையாது. காலையில் வாசலுக்கு வரும் பூக்காரியிடம் ஒரு முழமாவது வாங்காத வீடுகள் குறைவு. துக்கம் நேர்ந்த வீட்டில் மட்டுமே பெண்கள் பூச்சூடாமல் இருப்பார்கள். ஆகவே நாற்பது நாள் பூவில்லாத பீடத்தைப் பார்க்கும் தமிழ்க் கிறிஸ்தவருக்கு, அது துக்க வீட்டின் கோலம் என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துக்கம் நீங்குகிற இரவில், 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடத் தொடங்கியதும் மணிகள் ஒலிக்க, பீடத்தில் பூ மீண்டும் வந்து நிற்கிறதே, அந்தத் திரும்பி வருதலே ஈஸ்டர் மலரின் முதற்பொருள். அது எந்தப் பூ என்பது இரண்டாவது கேள்விதான். ஆனால் நாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுகிறோம். 'லில்லி கிடைக்குமா' என்று கேட்டுக்கொண்டு அலைகிறோம்.

நற்செய்தி நூல்களில் உயிர்ப்பின் காட்சிகளை எடுத்துப் பாருங்கள். அங்கே லில்லி இல்லை. காட்டுப் பூக்கள் உழைப்பதுமில்லை, நூற்பதுமில்லை என்று இயேசு சொன்னது மலைப்பொழிவில், கல்லறையருகே அல்ல. கல்லறையருகே இருப்பவை தோட்டமும் வாசனைப் பொருள்களும். அடக்கம் செய்வதற்காக நிக்கொதேமு வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவந்தான் என்கிறது யோவான் நற்செய்தி. இன்றைய அளவில் முப்பது கிலோவுக்கும் மேல். அரசர்களின் அடக்கத்துக்குரிய அளவு அது. வாரத்தின் முதல் நாள் விடியும் முன்னே வந்த பெண்களின் கைகளில் இருந்ததும் வாசனைத் திரவியங்களே. கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்தது. உயிர்த்தவரைக் கண்ட மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள். தோட்டத்தில் என்னென்ன பூத்திருந்தன என்று யோவான் சொல்லவில்லை. அந்த இடத்தை ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் பூப்பதைக் கொண்டு நிரப்பிக்கொண்டது.

அப்படியானால் லில்லி எப்படி வந்தது? இதில் இரண்டு லில்லிகளைப் பிரித்தறிய வேண்டும். ஐரோப்பிய ஓவியங்களில் கபிரியேல் தூதர் மரியாளுக்கு முன் ஏந்தி நிற்பது மடோனா லில்லி. அது மத்தியதரைக் கடற்பகுதிக்கும் மேற்காசியாவுக்கும் உரியது. தூய்மையின் சின்னம் என்ற பொருள் அந்தப் பூவுக்கே முதலில் ஏற்பட்டது. இன்று ஈஸ்டர் லில்லி என்று உலகெங்கும் விற்கப்படுவதோ வேறு. நீண்ட வெள்ளை எக்காளம்போல் விரியும் அந்தப் பூ, ஜப்பானின் தெற்கே உள்ள ரியூக்கியூ தீவுகளுக்கும் தைவானுக்கும் சொந்தம். ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பர்க் 1794-இல் அதற்கு 'லிலியம் லாங்கிஃப்ளோரம்' என்று பெயரிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அட்லாண்டிக் கடலின் பெர்முடா தீவில் பயிராகி, அங்கிருந்து அமெரிக்கத் தேவாலயங்களுக்குள் நுழைந்தது. பெர்முடாப் பயிரை நோய் தாக்கியபின் ஜப்பான் கிழங்குகள் அந்த இடத்தைப் பிடித்தன. 1941-இல் போர் மூண்டு ஜப்பான் வரத்து அடியோடு நின்றபோது, அமெரிக்காவின் மேற்குக் கரையில் பொழுதுபோக்காக லில்லி வளர்த்து வந்தவர்களின் கையிலிருந்த கிழங்குகளுக்குத் திடீரென்று பொன்விலை கிடைத்தது. இன்றும் கலிபோர்னியாவும் ஓரிகனும் சந்திக்கும் சிறிய கடலோரப் பகுதியிலிருந்துதான் அமெரிக்காவின் ஈஸ்டர் லில்லிக் கிழங்குகளில் பெரும்பகுதி வருகிறது.

கெத்சமனேயில் ஆண்டவரின் வியர்வைத் துளிகள் விழுந்த இடத்தில் லில்லிகள் முளைத்தன என்றொரு கதை வழங்குகிறது. பக்திக் கதையாக அதை மதிக்கலாம். ஆனால் இந்தப் பூவைக் கண்ணியத்துடன் பார்க்க அந்தக் கதை தேவையில்லை. அது வளரும் முறையே போதும். வட நாடுகளில் இயற்கையாக விட்டால் இந்த லில்லி ஜூன், ஜூலை மாதங்களில்தான் பூக்கும். ஈஸ்டரோ மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே இருப்பது. அதனால் கிழங்கை ஈரமண்ணில் பொதிந்து, நான்கு முதல் ஏழு டிகிரி வரையான குளிரில் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம், அதாவது ஆறு வாரம், இருளில் வைக்கிறார்கள். அந்தக் குளிர் கிடைக்காத கிழங்கு தழைக்குமே தவிர, ஒழுங்காகப் பூக்காது. பிறகு கண்ணாடிக் குடிலில் வெப்பத்தைக் கூட்டியும் குறைத்தும், மொட்டின் நீளத்தை அளந்து அளந்து, குறித்த ஞாயிறுக்கு அதை மலர வைக்கிறார்கள். மண்ணுக்குள் இருளில் கிடந்தது வெள்ளாடையில் எழுவது என்று அருளுரைகளில் சொல்லப்படும் உவமை இந்தப் பூவுக்குப் பொருந்துவதில் வியப்பில்லை.

லில்லி வைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பூ விரிந்தவுடன் உள்ளே தொங்கும் ஆறு மகரந்தப்பைகளையும் விரலால் கிள்ளி எடுத்துவிடுங்கள். அந்தக் காவிநிறத் தூள் பீடத் துணியில் பட்டால் கறை போகாது. பட்டுவிட்டால் தண்ணீர் தெளித்துத் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்துவிட வேண்டும்.

வேறு இரண்டு பூக்களைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். தென்னமெரிக்காவுக்குப் போன ஸ்பானிய மறைப்பணியாளர்கள் அங்கே கண்ட ஒரு கொடியின் பூவில் பாடுகளின் வரலாற்றையே படித்தார்கள்: நடுவில் பிரியும் மூன்று சூல்தண்டுகள் மூன்று ஆணிகள், ஐந்து மகரந்தத் தாள்கள் ஐந்து காயங்கள், சுற்றியிருக்கும் இழை வளையம் முள்முடி, பத்து இதழ்கள் யூதாசும் பேதுருவும் நீங்கலான பத்துச் சீடர்கள். இதைப் பார்க்க நாம் தென்னமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் வேலியோரங்களில் படர்ந்து, வலைபோன்ற உறைக்குள் மஞ்சள் பழம் வைத்திருக்கும், சிறுவர்கள் பறித்துத் தின்னும் சிறுபூனைக்காலிக் கொடி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கோடைக் காலையில் குனிந்து பார்த்தால் அந்தச் சிறிய பூவில் மேற்சொன்ன அத்தனையையும் எண்ணலாம். மற்றொன்று, ஏப்ரல் வெயிலில் நம் சாலைகளில் சிவந்து நிற்கும் மயில்கொன்றை. கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்கள் அதைக் கல்வாரிப் பூ என்பார்கள்; சிலுவையடியில் நின்ற சிறு மரத்தின் மேல் இரத்தம் சிந்தியதால் அதன் பூ சிவந்தது என்பது அவர்கள் கதை. அந்த மரத்தின் தாயகம் மடகாஸ்கர். கல்வாரியில் அது நின்றிருக்க வழியில்லை என்றாலும், புனித வாரத்தை ஒட்டி ஊரெல்லாம் சிவக்கும் ஒரு மரத்தைப் பார்த்து அந்த மக்கள் சும்மா இருந்திருக்கவும் முடியாது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஈஸ்டர் எப்போது வரும்? மார்ச் 21-ஆம் தேதியன்றோ அதன் பின்னரோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பங்குனி உத்திரம் எப்போது வரும்? பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி. ஆகவே பல ஆண்டுகளில் இரண்டு விழாக்களும் ஒரே நிலவின் கீழ் நடக்கின்றன. 2024-இல் மார்ச் 25 பங்குனி உத்திரம், மார்ச் 31 ஈஸ்டர். 2022-ஐப் போல உத்திரம் மார்ச் 18-இலும் ஈஸ்டர் ஏப்ரல் 17-இலுமாக நிலவு மாறிப்போகிற ஆண்டுகளும் உண்டு. இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் வ.உ.சி. பூ மார்க்கெட் வியாபாரிகள். காவடிக்கும் தேருக்கும் போகிற பூவும் பெரிய வியாழன் இரவு நற்கருணைப் பீடத்துக்குப் போகிற பூவும் ஒரே கடையில், சில சமயம் ஒரே கூடையில் இருக்கின்றன. பனமரத்துப்பட்டிப் பக்கத்து அரளி பெரும்பாலும் கோயிலுக்குப் போகும். சம்பங்கி இரண்டு பக்கமும் போகும்.

சம்பங்கியைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். அதுவும் இந்த மண்ணின் பூ அல்ல, மெக்சிகோவிலிருந்து வந்தது. என்றாலும் தமிழ்நாட்டுக் கோயில்களிலும் தேவாலயங்களிலும் கல்யாணங்களிலும் கல்லறைகளிலும் அது புகுந்துவிட்ட அளவுக்கு லில்லி இன்னும் புகவில்லை. மாலைக்கு உதிரியாக எடைபோட்டு விற்பதும் உண்டு; ஜாடிக்குத் தண்டோடு கட்டாக விற்பதும் உண்டு. தண்டில் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இணையாக விரியும். அடிப்பூக்கள் இரண்டு மூன்று விரிந்து மேலே மொட்டாக இருக்கும் தண்டைச் சனிக்கிழமை வாங்கினால், வாரம் முழுவதும் புதுப்பூ தந்துகொண்டிருக்கும். இதைவிட முக்கியமானது அதன் மணம். சம்பங்கி இரவில் மணக்கும் பூ. பாஸ்கா திருவிழிப்பும் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவில் நடக்கும் வழிபாடு. கோயில் விளக்குகளெல்லாம் அணைக்கப்பட்டு, வெளியே புது நெருப்பில் ஏற்றிய பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தி மட்டும் உள்ளே வரும்போது, பீடத்தில் இருக்கும் எந்தப் பூவும் கண்ணுக்குத் தெரியாது. லில்லியின் எக்காள வடிவம் அந்த நேரத்தில் யாருக்கும் பயன்படாது. ஆனால் சம்பங்கி வைத்திருந்தால், 'உன்னதங்களிலே' பாடுவதற்கு வெகு முன்னரே, இருட்டிலேயே அது வந்திருப்பது தெரிந்துவிடும். இருளில் வாசனைப் பொருள்களோடு வந்த பெண்களைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்படும் இரவுக்கு இதைவிடப் பொருத்தமான பூ எனக்குத் தெரியவில்லை. துக்க மாலையிலும் அதே பூ இருக்கிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். சாவின் பூவே உயிர்ப்பின் பூவாகவும் இருப்பதில் குறையொன்றுமில்லை; மூன்றாம் நாளின் செய்தியே அதுதானே. பிளாஸ்டிக் பூவைத்தான் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். வாடாத பூவுக்கு உயிர்த்தெழ வேண்டிய தேவையே இல்லை.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் கதை வேறாகிவிடும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். ஏற்காட்டின் காப்பிச் செடி குளிர்காலம் முடியும்போது கணுக்களில் சிறு மொட்டுகளைக் கட்டி, அப்படியே நிறுத்திவிடும். வறட்சி நீளும்வரை அவை வளராது, உதிரவும் செய்யாது; பச்சை நிறத்தில் நெல்மணி அளவில் உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை, குறைந்தது 25 மில்லிமீட்டர், விழ வேண்டும். தோட்டத்தார் அதைப் பூ மழை என்பார்கள். அதற்குக் குறைந்த தூறல் விழுந்தால் மொட்டு பாதியில் நின்று கெட்டுப்போகும் என்பதால், தூறலைக் கண்டால் மகிழ்வதைவிடப் பயப்படுவதே வழக்கம். நல்ல மழை பெய்தால் எட்டு முதல் பத்து நாளில், ஒரே விடியற்காலையில், தோட்டம் முழுவதும் ஒருசேரப் பூக்கும். கிளை தெரியாமல் வெள்ளை. ஐந்து இதழ் நட்சத்திரங்கள். மல்லிகையை நினைவூட்டும் மணம். சில்வர் ஓக் நிழலில் மிளகுக்கொடிகளுக்கு நடுவே இரண்டு, மூன்று நாள் அப்படி நின்று பழுப்பேறிவிடும்.

ஈஸ்டரும் பூ மழையும் ஒரே பருவத்தில் வருபவை. லில்லிக்கு மனிதன் குளிரைத் தருகிறான், வெப்பத்தைத் தருகிறான், தேதியையும் தருகிறான். காப்பிப் பூவுக்கு அப்படித் தேதி குறிக்க முடியாது. இப்போது சில தோட்டங்களில் தெளிப்பு நீர்ப் பாசனம் வைத்துப் பூக்க வைக்கிறார்கள் என்றாலும், தண்ணீர் வசதியில்லாத சிறு விவசாயி வானத்தைத்தான் பார்க்க வேண்டும். உயிர்ப்பின் சின்னமாக எனக்கு இதுவே நெருக்கமாகப் படுகிறது. செத்ததுபோல் தெரிந்த மொட்டு சாகவில்லை, காத்திருந்தது. அதை எழுப்பியது மேலிருந்து வந்தது.

அப்படியானால் மலைக்கோயில்களில் காப்பிப் பூவைப் பறித்துப் பீடத்தில் வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வைக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனால் காப்பி விவசாயி யாரும் அதைச் செய்யமாட்டார். ஒவ்வொரு பூவும் ஒரு பழம், ஒவ்வொரு பழத்திலும் இரண்டு கொட்டை. பூத்த பின்னும் இரண்டு, மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை கிடைத்தால்தான் பிஞ்சு நிற்கும். ஆகவே அந்தப் பூ செடியிலேயே இருக்கும். பீடத்துக்குச் சம்பங்கிக் கட்டுகள் சேலத்திலிருந்து பஸ்ஸில் மலையேறும். ஈஸ்டரை ஒட்டிப் பூத்தது நவம்பர் முதல் ஜனவரி வரை சிவந்து பழுக்கும். அதனால்தான் கிறிஸ்துமஸ் நேரத்தில் ஏற்காட்டில் பறிப்புக்கு ஆள் கிடைப்பது அவ்வளவு கடினமாக இருக்கிறது.